கடித்து வைத்த ஊதாப் பென்சில்

நேற்றுக் காலையில் கடைவாய்ப் பல் வலித்தது. மருமகள் பஞ்சில் கிராம்பு எண்ணெயை நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். வாயில் வைப்பதற்கு முன்பே வாசனை மூக்கில் ஏறிவிட்டது. பட்டணத்து மெடிக்கல் காலேஜின் அந்த நீள மேஜையும், எனக்குப் பக்கத்து முக்காலியில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் நீ குனிந்திருந்ததும் அப்படியே கண் முன்னால் வந்து நின்றன. அந்தக் காலத்தில் திசுவை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கிராம்பு எண்ணெயில் போட்டுத் தெளிய வைத்துத்தான் சிலேடு செய்வோம். கை, சட்டை, மத்தியானம் சாப்பிடுகிற சோறு எல்லாம் அதே வாசனை. எனக்குக் குமட்டும். உனக்குப் பிடிக்கும். "கல்யாண வூட்டுச் சமையலுக்குப் பக்கத்துல உக்காந்து படிக்கிற மாதிரி இருக்குடா" என்பாய்.

நீ போன பிறகு உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. பதில் வராத கடிதம் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே எழுதலாம். உயிரோடு இருந்தபோது நீ என் கடிதங்களுக்கு ஒழுங்காகப் பதில் போட்டவன் மாதிரி நான் பேசக் கூடாதுதான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். ஹிஸ்டாலஜி பரீட்சையில் நாம் இரண்டு பேரும் கவிழ்ந்தோம். மைக்ராஸ்கோப்பில் ஒரு சிலேடை வைத்து, இது உடம்பில் எந்த இடத்துத் திசு என்று கேட்பார்கள். எலும்பு, தசை, தோல் எல்லாம் எவனும் சொல்லிவிடுவான். சுரப்பிகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. எல்லாமே சின்னச் சின்ன வட்டங்களாக, ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று மாதிரி இருக்கும். பால் கொடுக்கும் தாயின் மார்புச் சுரப்பியைக் காட்டி என்னவென்று கேட்டார்கள். நான் தைராய்டு என்றேன். மார்பில் இருப்பதைக் கழுத்தில் கொண்டுபோய் வைத்தவன் என்று விடுதி முழுவதும் என்னை ஓட்டினார்கள். நீ கணையத்தைப் பார்த்து, காதுக்குக் கீழே இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பி என்று சொல்லியிருந்தாய். இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும், அதில் தவறுவது பெரிய குற்றமில்லை. ஆனால் நான் இரண்டாவது தடவை தவறினால் அப்பாவிடம் திட்டு வாங்குவேன், அவ்வளவுதான். நீ சர்க்கார் உதவியில் படிக்கிறவன். இன்னொரு தடவை தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு உன் ஊர் வேப்பந்தட்டைக்குப் போக வேண்டியதுதான்.

செப்டம்பர் பரீட்சைக்கு முன்னால் விடுமுறை வந்தது. சீனியர் ஒருவனிடம் கெஞ்சி ஒரு பெட்டி சிலேடு வாங்கிவிட்டோம். மைக்ராஸ்கோப்புக்கு எங்கே போவது? அரியலூரில் காலமான ஒரு டாக்டரின் வீட்டில் ஒன்று சும்மா இருப்பதாக அப்பா சொன்னார். பித்தளையில் செய்த பழைய கருவி. அந்த டாக்டரின் மனைவியிடம் போய்க் கேட்டோம். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "உள்ள வாங்க தம்பி, ரெண்டு பேரும் வாங்க. அவங்க மவுத்தானதுலேருந்து இதை யாரும் தொடலே. இங்கேயே வச்சுப் பாருங்க, வெளிய மட்டும் எடுத்துட்டுப் போவாதீங்க" என்றார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள். நீ டம்ளரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். உடையார்பாளையம் சாலையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு உன்னைக் கூப்பிட எனக்கு வழியில்லை. உன்னை வாசலோடு நிறுத்திவிடுவார்கள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாம் பேசிக்கொண்டதில்லை.

இன்னொன்றையும் நாம் பேசியதில்லை. பட்டணத்தில் நீ என்னை 'டேய்' என்பாய். ரயில் அரியலூர் ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே 'வாங்க', 'போங்க' என்று மாறிவிடுவாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு இரண்டு அடி பின்னால்தான் நடப்பாய். முதல் தடவை கேலி செய்கிறாய் என்று நினைத்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

நீ அரியலூரிலேயே இருந்த உன் அக்கா வீட்டில் தங்கினாய். பெரம்பலூரிலிருந்து கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து இறங்கிய அன்று உன் முகம் முழுக்கப் புகை. பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்ஸின் பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். நான் சைக்கிளில் வருவேன். டாக்டர் வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் மேஜையைப் போட்டுக்கொண்டோம். கரண்டு கிடையாது. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருக்கிற கண்ணாடியைத் திருப்பி, எதிர்ச் சாரியிலிருந்த வெள்ளைச் சுவரின் வெளிச்சத்தைப் பிடித்தோம். நேர் வெயில் கண்ணைக் கூசும், சுவரில் பட்டு வருகிற வெளிச்சம்தான் பதமாக இருக்கும். சுண்ணாம்புக்கு அரியலூரில் பஞ்சமில்லை, அந்தச் சுவர் பளிச்சென்று இருந்தது. மேகம் மூடினால் படிப்பு நின்றுவிடும். ஒரு நாள் அந்தச் சுவருக்கு முன்னால் வைக்கோல் வண்டி ஒன்றை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வண்டிக்காரர் திரும்பி வரும்வரை நாம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

சிலேடுகளில் ஒட்டியிருந்த பெயர்களின் மேல் சோற்றுப் பசையால் காகிதம் ஒட்டி மறைத்தோம். நீ ஒன்றை எடுத்து வைப்பாய், நான் சொல்ல வேண்டும். பிறகு நான் வைப்பேன், நீ சொல்வாய். அதோடு படங்களையும் புதிதாக வரைந்து கொடுக்க வேண்டியிருந்தது. உட்கரு ஊதா, மற்ற இடம் ரோஸ். இரண்டு நிறப் பென்சில்தான் வேலை. உன் ஊதாப் பென்சிலின் பின்முனை எப்போதும் பல்லால் கடித்துச் சப்பையாகக் கிடக்கும். என் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே, மேஜையில் ஒரு துரும்பு கோணலாக இருந்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. நீ தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் கடித்த முனையைப் பிளேடால் வெட்டித் தள்ளிவிட்டு, இரண்டு பென்சிலையும் அழகாகச் சீவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

நீ வந்து உட்கார்ந்து தைராய்டு படம் வரைந்தாய். முடித்துவிட்டு என் பக்கம் தள்ளினாய். கோடுகள் அச்சு மாதிரி இருந்தன. ஆனால் உட்கரு எல்லாம் ரோஸ். வட்டங்களுக்கு நடுவில் தேங்கியிருக்கிற கூழ் முழுவதும் வெளிர் ஊதா.

"என்னய்யா இது, தலைகீழாப் போட்டிருக்கே? பொங்கலுக்குக் கோலம் போடுறியா?" என்றேன்.

நீ பென்சில்களை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பின்முனையைத் தடவினாய். உன் முகம் செத்துப்போயிற்று.

"இதை யாருங்க வெட்டுனது?"

"நான்தான். எச்சிப் பென்சில் நாறிக்கிட்டுக் கெடந்துச்சு."

உள்ளே அந்த அம்மா உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாய். "கடிச்சு வச்சாத்தாங்க எது ஊதான்னு எனக்குத் தெரியும். அழுத்தமா இருக்கா, வெளுப்பா இருக்கான்னு பாத்தாத் தெரியுது. ரோசா, ஊதாவான்னு கேட்டா தெரியலே. சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்."

அப்போதுதான் எனக்குக் கணையம் விளங்கிற்று. கணையத்தின் ஒவ்வொரு செல்லும் அடியில் ஊதாவாகவும் நுனியில் ரோசாகவும் இருக்கும். நாங்கள் எல்லாரும் அந்த இரண்டு நிறத்தைப் பார்த்தே அடையாளம் சொல்கிறோம். உன் கண்ணுக்கு அது ஒரே நிறம்.

மிளகாய்க் கொல்லைக் கதையையும் அன்றுதான் சொன்னாய். உங்கள் அம்மாவோடு கூலிக்குப் பழம் பறிக்கப் போவாயாம். எல்லாரும் சிவந்த பழமாகப் பறித்துக் கூடையில் போட, உன் கூடையில் பாதிக்குப் பாதி பச்சைக் காய். கொல்லைக்காரர் கூடையைக் கவிழ்த்துக் காட்டிக் கத்தினாராம். வேண்டுமென்றே செய்கிறான் என்று முதுகில் இரண்டு வைத்தாராம். "எங்கம்மாவோட அப்பாவும் இப்படித்தானாம். பரம்பரைக் கொழுப்புன்னு சொன்னாரு. இவன் கொல்லை வேலைக்கு லாயக்கில்லேன்னுதான் எங்கம்மா என்னைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் வுட்டுச்சு. எந்தக் கண்ணு என்னைப் படிக்க அனுப்புச்சோ, அதே கண்ணு இப்ப என்னைத் திருப்பி அனுப்பப் போவுது."

பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிடலாம், ஏதாவது சலுகை கொடுப்பார்கள் என்றேன். எனக்கு உலகம் அப்படித்தான் தெரிந்திருந்தது. நீ என்னை ஏறிட்டுப் பார்த்தாய். "உங்களுக்குச் சலுகை கொடுப்பாங்க. எனக்குச் சீட்டைக் கிழிப்பாங்க. நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். உனக்கு நம்பிக்கை வரவில்லை என்பது தெரிந்தது. புது ஊதாப் பென்சிலை எடுத்து, நானே அதன் பின்முனையைக் கடித்து உன்னிடம் நீட்டினேன். நீ அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொண்டாய். "டேய், இப்படியா ஆழமாக் கடிக்கிறது?" என்றாய். அரியலூர் எல்லைக்குள் நீ என்னை 'டேய்' என்றது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து நிறத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் படித்தோம். முதலில் குழாய் இருக்கிறதா என்று பார். தைராய்டுக்குச் சாறு வெளியே போகக் குழாய் கிடையாது, பால் சுரப்பிக்கு உண்டு. அதைப் பார்த்திருந்தால் நானும் மார்பைக் கழுத்தில் கொண்டுபோய் வைத்திருக்க மாட்டேன். அப்புறம், நடுவில் கொழுப்பு இருக்கிறதா பார். காதடிச் சுரப்பியில் கொழுப்பு செல்கள் தோசையில் விழுகிற ஓட்டை மாதிரி அங்கங்கே தெரியும். கணையத்துக்கு நடுவில் வெளுப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கும். அதற்குப் புத்தகத்தில் வாயில் நுழையாத பெயர். நீ அதைக் களம் என்று கூப்பிட்டாய். "கொல்லைக்கு நடுவுல நெல்லடிக்கிற களம் கெடக்குற மாதிரி இல்லே? அது இருந்தா கணையம்டா, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்." நாக்குக்கு அடியில் இருக்கிற சுரப்பியில் உட்கரு அடியில் நசுங்கித் தட்டையாகக் கிடக்கும். தாடைக்குக் கீழே இருப்பதில் வெளுத்த செல்களின் தலையில் கறுத்த செல்கள் பிறை மாதிரி உட்கார்ந்திருக்கும். "சும்மாடு வச்சிருக்கா பாரு" என்பாய். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நிஜமாகவே தண்ணீர்க் குடத்துக்குத் தயாராகப் பெண்கள் வரிசையில் நிற்கிறது மாதிரிதான் இருக்கும்.

அந்த அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன தம்பி, கொல்லைங்கிறீங்க, களங்கிறீங்க, சும்மாடுங்கிறீங்க. டாக்டருக்குப் படிக்கிறீங்களா, விவசாயத்துக்கா?" என்று ஒரு நாள் கேட்டார்கள். நீ எழுந்து நின்று, மரியாதையாக, "ரெண்டுக்கும்தாம்மா" என்றாய்.

செப்டம்பரில் பரீட்சை. பரீட்சகர் வெளியூர்க்காரர், கண்ணாடிக்கு மேல் வழியாகப் பார்க்கிறவர். எனக்குக் கொடுத்த சிலேடைச் சொல்லிவிட்டு வெளியே போகாமல் கதவோரம் நின்றேன். உனக்குத் தாடைக்குக் கீழே இருக்கிற சுரப்பியை வைத்தார். நீ சரியாகச் சொன்னாய். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். செல்லின் வடிவத்தைச் சொன்னாய், உட்கரு இருக்கிற இடத்தைச் சொன்னாய், பிறையைச் சொன்னாய். "நிறத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?" என்றார். நீ நிதானமாக இங்கிலீஷில் சொன்னாய்: "நிறம் நாம் ஊற்றுகிற சாயத்தைப் பொறுத்தது, சார். சாயத்தை மாற்றினால் நிறம் மாறும். உட்கரு இடம் மாறாது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். நாம் இரண்டு பேரும் பாஸ்.

இத்தோடு கதை முடிந்தது என்று நான் நினைத்தேன். அரியலூருக்குத் திரும்புகிற ரயிலில் நான் லட்டு வாங்கிக் கொடுத்தேன், நீ சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாய். "பரீட்சைக்காரரை ஏமாத்திட்டேன். நாளைக்கு ஒரு குழந்தையைத் தூக்கிட்டு வருவாங்க. கண்ணு மஞ்சளா இருக்கும், எனக்குத் தெரியாது. உதடு நீலம் பாய்ஞ்சிருக்கும், தெரியாது. மலத்துல ரத்தம் இருக்கும், சேறுன்னு நெனைச்சுட்டு அனுப்பிடுவேன். பச்சைக் காயைப் பறிச்சா முதுகுல ரெண்டு அடி. இதுக்கு என்ன?" என்று கேட்டாய். மீதி வருஷங்களிலும் அந்தக் கேள்வியை நீ விடவில்லை. வார்டில் உனக்குப் பக்கத்தில் நான் நின்றால் என் காதில் கேட்பாய், இல்லாவிட்டால் நர்ஸ் முகத்தைப் பார்த்து ஊகிப்பாய். படிப்பு முடிகிற சமயம், டாக்டர் வேலையே வேண்டாம், எங்காவது உடற்கூறு வாத்தியாராகப் போய்விடுகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தாய். உன் ஊர்ப் பக்கம் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு பெரம்பலூர் வர வேண்டும். அதுவும் உனக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நீ பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

நாற்பதுகளின் கடைசியில், வேப்பந்தட்டையில் நீ ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்துக்கொண்டு ஓர் ஓட்டு வீட்டில் உட்கார்ந்த முதல் வாரம், நான் திருச்சியிலிருந்து வந்தேன். காலை நேரம். வாசலில் ஒரே கூட்டம். பாதிப் பேர் உன் தெருக்காரர்கள், மீதி ஊர்க்காரர்கள். ஊர்க்காரர்கள் தள்ளி நின்றார்கள், ஆனாலும் வந்திருந்தார்கள். நீ வெளியே வந்து படியில் நின்றாய். உள்ளே கூப்பிடப்போகிறாய் என்று நினைத்தேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்கு ஒரு குறை இருக்கு. சில நிறம் என் கண்ணுக்குத் தெரியாது. பச்சை, சிவப்பு, ரோஸ், ஊதா எல்லாம் கொழப்பும். மஞ்சளா இருக்கா, ரத்தமா இருக்கான்னு நான் பாத்துச் சொன்னா தப்பாப் போயிரும். அதனால நீங்கதான் பாத்துச் சொல்லணும். நான் கேப்பேன். கூச்சப்படாம சொல்லுங்க."

காலேஜ் முழுவதும் நீ பொத்திப் பொத்தி வைத்திருந்ததைக் கூட்டத்துக்கு நடுவில் போட்டு உடைத்துவிட்டாய். கூட்டம் கலைந்துபோகும், நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மடியில் பேரனை வைத்திருந்த ஒரு கிழவி சத்தமாகக் கேட்டாள். "இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். எம்பேரனுக்குக் கண்ணு பூசணிப்பூ கணக்கா இருக்குப்பா. ஒண்ணுக்குப் போனா கடுங்காப்பி. போதுமா, இன்னும் சொல்லணுமா?"

நீ அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். "இன்னும் சொல்லுங்க ஆயா. எப்பலேருந்து?" என்று கேட்டாய்.

அன்று மத்தியானம்வரை நான் அங்கேயே நின்றேன். கத்தரிப்பூ நிறம் என்றாள் ஒருத்தி. அரிசி கழுவின தண்ணி என்றாள் இன்னொருத்தி, அது காலராவின் அடையாளம், அவள் வாய் மூடுவதற்குள் நீ எழுந்து மருந்துக்கு ஓடினாய். வாடின பருத்திப்பூ, செம்மண் குட்டைத் தண்ணி, கேழ்வரகுக் கூழ் என்று ஒவ்வொருத்தரும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால் வாயைத் திறக்காத பெண்கள், உன்னிடம் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்தாள். நீ இரண்டு பேரையும் கேட்டாய், நாடியைப் பிடித்தாய், வயிற்றை அமுக்கிப் பார்த்தாய், திரும்பவும் கேட்டாய். கூட்டத்துக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்து, "டேய், சும்மா நிக்காதே, அந்தக் குழந்தை நாக்கைப் பாத்துச் சொல்லு" என்று கத்தினாய். ஊர்க்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் போய் நாக்கைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நீ அங்கே எத்தனை காலம் இருந்தாய் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் திருச்சியில் திசுப் பரிசோதனையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நிறத்தைப் பார்த்துச் சோறு தின்றவன் நான்.

நீ போய்ச் சில மாதம் கழித்து, லேபில் ஒரு சிலேடை வைத்துப் பார்த்தேன். எல்லாம் பழுப்பேறிய மாதிரி இருந்தது. விளக்கை மாற்றினேன், லென்ஸைத் துடைத்தேன். வேறு சிலேடு வைத்தேன். அதுவும் அப்படியே. கண்ணில் புரை விழுந்து, ஊதா என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. என் கையெழுத்தை நம்பி ஒரு பெண்ணுக்கு மறுநாள் அறுவைச் சிகிச்சை. பக்கத்து மேஜையில் இருந்த இளம் டாக்டரைக் கூப்பிட்டேன். "எனக்கு நிறம் சரியாத் தெரியலேம்மா. நீ பாத்துச் சொல்லு, நான் கேட்டுக்கிறேன்" என்றேன். அவள்தான் பதறினாள். எனக்குக் கூச்சமே வரவில்லை. வேப்பந்தட்டைப் படியில் நின்று நீ சொன்னது அப்படியே என் வாயில் வந்தது. சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இதை உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று டெலிபோனை எடுத்தேன். "வாடா, இப்பத்தான் வந்து சேந்தியா?" என்று நீ சிரிப்பது காதில் கேட்டது. உன் நம்பரைப் பாதி சுற்றிய பிறகுதான், எடுக்க நீ இல்லை என்பது உறைத்தது. டெலிபோனை வைத்துவிட்டு, அன்றைக்குத்தான் உனக்காக அழுதேன்.